எல்லைப்புற ஆசிரியருக்குப் பௌதிக மேற்படிப்பு

பௌதிகம் கற்பிப்பவர் தாம் கற்பிக்கும் பாடத்தினும் சற்று உயர்ந்த நிலையில் நின்று கற்பிக்க வேண்டும் என்பது கல்வியாளர் யாவரும் ஒப்புக்கொள்ளும் கருத்தாகும். பத்தாம் வகுப்பில் மின்காந்தத் தூண்டலைப் போதிக்கும் ஆசிரியர் பாடப் புத்தகத்தை மட்டுமே அறிந்தவராயின், மாணவனின் முதற் கேள்விக்கு விடை கூறுவார்; இரண்டாவது கேள்விக்கு இடர்ப்படுவார்; மூன்றாவது கேள்வி எழாதபடி பார்த்துக்கொள்வார். கேள்வி எழாத வகுப்பறையில் விஞ்ஞானம் வளர்வதில்லை. ஆகவே, பணியிலிருக்கும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பௌதிகத்தில் முதுநிலைப் படிப்பு எட்டும்படி செய்ய வேண்டும் என்னும் கோரிக்கை புதியதன்று. அப்படிப்பு எந்த நாளில், எந்த இடத்தில், எம்மொழித் துணையுடன், எந்நோக்கத்துடன் நடைபெற வேண்டும் என்பதே புதிதாகச் சிந்திக்கத் தக்கது. இவ்வினாக்களுக்குத் தலைநகரங்களிலிருந்து விடை காண்பது எளிதன்று. ஓர் எல்லைப்புறக் கிராமத்தை எடுத்துக்கொண்டு நோக்கினால் விடை தெளிவாகும்.

கேரள மாநிலத்தின் தென்கோடியில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட ஊர்களுள் ஒன்று கொல்லயில். இப்பகுதியில் மலையாளமும் தமிழும் அருகருகே வழங்குகின்றன. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தியமைக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. உறவும் சந்தையும் எல்லையைத் தாண்டி இன்றும் தொடர்கின்றன. பல்கலைக்கழகங்களும் பாடத்திட்டங்களும் பட்டங்களின் ஏற்பும் எல்லையோடு நின்றுவிட்டன.

பள்ளியும் சபையும்

இவ்வட்டாரத்தில் கல்வியின் வரலாறும் கிறிஸ்தவ சபைகளின் வரலாறும் பின்னிப் பிணைந்தவை. இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806-இல் தென் திருவிதாங்கூருக்கு வந்து மயிலாடியைத் தமது பணியின் நடுவிடமாகக் கொண்டார். 1818-இல் நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மீட் அப்பணியை விரிவாக்கினார். அக்காலத்தில் பொதுப் பள்ளிகளில் இடம் பெறாத சாதியினரின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கிட்டியது பெரும்பாலும் சிற்றூர்ச் சபைப் பள்ளிகளிலேதான். ஒரே ஓலைக் கூரையின் கீழ், ஆறு நாள் பாடமும் ஏழாம் நாள் ஆராதனையும் நடைபெற்றன. இரண்டையும் நடத்தியவர் பெரும்பாலும் ஒரே மனிதர்.

இந்த மரபின் சாயல் இன்றும் மறைந்துவிடவில்லை. தென்னிந்தியத் திருச்சபை 1947-இல் உருவாயிற்று. 1959-இல் இப்பகுதி தென்கேரளம், கன்னியாகுமரி என இரு பேராயங்களாகப் பிரிந்தது. இலத்தீன் கத்தோலிக்கர்க்கென நெய்யாற்றின்கரை மறைமாவட்டம் 1996-இல் அமைந்தது. இச்சபைகளைச் சேர்ந்த ஆசிரியர் பலர் ஞாயிறன்று வெறும் வழிபாட்டாளர் அல்லர். ஓய்வுநாள் பள்ளி நடத்துவோர், மறைக்கல்வி புகட்டுவோர், பாடகர் குழுவை வழிநடத்துவோர், சபைக் கணக்கை எழுதுவோர் ஆகியோரெல்லாம் அவர்களுள் உண்டு. கிராமத்தில் படித்தவர் மீது ஊர் ஏற்றும் சுமை அது. அவர்களும் அதை மனமுவந்து ஏற்கிறார்கள்.

படிப்பு வரும் நாள்

பணியிலிருக்கும் ஆசிரியர் முதுநிலைப் பட்டம் பெற இன்று மூன்று வழிகள் உண்டு. ஊதியமில்லா விடுப்பில் சென்று கல்லூரியில் முழுநேரம் படிப்பது ஒன்று. குடும்பப் பாரம் உடையோர்க்கு இது பெயரளவிலான வழியே. இணையவழிப் பாடங்களைத் தாமே கேட்டுக் கற்பது மற்றொன்று. அறிவு வளரும், எனினும் சோதனைச்சாலைப் பயிற்சி கிட்டாது. மூன்றாவது, திறந்தநிலைப் பல்கலைக்கழகப் படிப்பு. 1985-இல் நிறுவப்பெற்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பௌதிகத்தில் முதுநிலைப் பட்டப் படிப்பையும் நடத்துகிறது. பெரும்பாலோர்க்கு ஏற்றது இம்மூன்றாவது வழியே.

ஆனால் இத்தகைய படிப்புகளின் தொடர்பு வகுப்புகள் பெரும்பாலும் சனி, ஞாயிறு நாட்களிலும் பொது விடுமுறைகளிலுமே நடைபெறுகின்றன. பணியாளர்க்கு ஓய்வு கிட்டும் நாள் அதுவே என்பது அமைப்பாளரின் எண்ணம். எண்ணம் நல்லதே. எனினும் பாறசாலையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவனந்தபுரத்திற்கு ஞாயிறு காலை புறப்படும் ஆசிரியர், ஆராதனையையும் ஓய்வுநாள் பள்ளியையும் ஈராண்டு காலம் துறக்க வேண்டியவராகிறார். சிலர் துறக்கிறார்கள். சிலர் வகுப்பைத் துறந்து, அச்சிட்ட பாடநூலை மட்டும் நம்பித் தேர்வெழுதுகிறார்கள். பலர் விண்ணப்பமே செய்வதில்லை. விண்ணப்பம் செய்யாதவர் எந்த அட்டவணையிலும் இடம் பெறமாட்டார். ஆகவே அவருக்கு நேர்ந்த இழப்பு எவர் கண்ணுக்கும் புலனாவதில்லை. அவரிடம் பயிலும் மாணவரின் இழப்பும் அவ்வாறே மறைந்துவிடுகிறது.

இது கிறிஸ்தவர்க்கு மட்டும் உரிய பிரச்சினை அன்று. சனிக்கிழமையை ஓய்வுநாளாக அனுசரிக்கும் சபையினர்க்கு அந்நாளிலும், முஸ்லிம் ஆசிரியர்க்கு வெள்ளிக்கிழமை நண்பகலிலும் இத்தகைய இடர் உண்டு. ஆறு நாளும் பள்ளிக்கும் வீட்டுக்கும் உழைக்கும் ஆசிரியைக்கு, எச்சமயத்தவராயினும், ஞாயிறு ஒன்றே வீட்டாருடன் இருக்கும் நாள். எனவே ஞாயிற்றை விடுவித்தால் அனைவருக்கும் நன்மையுண்டு.

கணக்கு என்ன கூறுகிறது?

ஞாயிற்றைத் தொடாமல் முதுநிலைப் பௌதிகத்தைப் படித்து முடிக்க இயலுமா? ஒரு சிறு கணக்கு இதற்கு விடை தரும். திறந்தநிலைக் கல்வியில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பாகக் கொள்ளப்படுகிறது. 80 கிரெடிட் கொண்ட ஒரு முதுநிலைப் படிப்புக்கு மொத்தம் 2,400 மணி நேரம் வேண்டும். இதை 4 ஆண்டுகளில் முடிப்பதாகக் கொண்டால் ஆண்டுக்கு 600 மணி. கேரளத்தில் ஏப்ரல், மே மாதங்கள் கோடை விடுமுறை. மே மாதத்தில் 20 வேலை நாட்கள், நாளொன்றுக்கு 6 மணி வீதம் செய்முறைப் பயிற்சி நடத்தினால் 120 மணி ஆகும். எஞ்சிய 480 மணியைப் பள்ளி நடைபெறும் 40 வாரங்களுக்குப் பகிர்ந்தால் வாரத்திற்கு 12 மணி. வார நாட்களில் நாள்தோறும் ஒன்றரை மணி, சனிக்கிழமை நாலரை மணி, கணக்கு முடிந்தது. ஞாயிறு முழுவதும் எஞ்சி நிற்கிறது.

வாரத்திற்கு 12 மணி என்பது இலேசான சுமையன்று. மாலையில் வீடு திரும்பி, பிள்ளைகளைக் கவனித்து, மறுநாட் பாடத்தைத் தயாரித்த பின்னர் ஒன்றரை மணி நேரம் குவாண்டம் இயக்கவியல் படிப்பது எளிதென்று எவரும் கூறார். ஆகவேதான் இரண்டு ஆண்டுகள் என்று குறுக்காமல் நான்கு ஆண்டுகள் என்று கொள்வது அவசியம். தேர்தல் பட்டியல், கணக்கெடுப்பு முதலிய புறப்பணிகளிலிருந்து படிக்கும் ஆசிரியரை விடுவிப்பதும், வாரத்தில் இரண்டு பாடவேளைகளைக் குறைத்துக் கொடுப்பதும் நிர்வாகத்தால் செய்யக் கூடியவையே.

விடுமுறைப் பயிற்சி என்பதும் சோதித்துப் பார்க்கப்படாத யோசனை அன்று. 1957-இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவிய பின்னர், அமெரிக்காவில் பள்ளிப் பௌதிகம் பெரும் திருத்தம் பெற்றது. ஆசிரியர்க்கான கோடைக்காலப் பயிற்சி நிலையங்கள் அங்கு வெகுவாகப் பெருகின. இந்தியாவிலும் 1963 முதல் பல்கலைக்கழக மானியக் குழுவின் முயற்சியால், அமெரிக்க உதவியுடன், விஞ்ஞான ஆசிரியர்க்கான கோடைப் பயிற்சி நிலையங்கள் நடைபெற்றன. 1964 முதல் 1966 வரை ஆய்ந்த கோத்தாரிக் கல்விக் குழு, ஒவ்வோர் ஐந்தாண்டுப் பணிக்கும் இரண்டு அல்லது மூன்று மாதப் பணியிடைக் கல்வி ஆசிரியர்க்கு வேண்டுமெனக் கூறியது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என வரையறுத்தது. இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்குவோர்க்கு எதிர்பார்ப்பு எவ்வளவு சுருங்கியுள்ளது என்பது விளங்கும். இவ்வாறு தரப்படும் 50 மணி நேரமும் தொடர்ச்சியற்ற துண்டுப் பயிற்சிகளாய்ச் சிதறாமல், ஒரு பட்டத்தை நோக்கிச் சேர்த்து எண்ணப்பட வேண்டும்.

விதியும் தகுதியும்

பட்டப் படிப்பில் நுழைவதற்கே விதிகள் தடையாவது உண்டு. கேரள உயர்நிலைப் பள்ளிகளில் பௌதிகத்தையும் ரசாயனத்தையும் ஒரே ஆசிரியர் கற்பிக்கிறார். இவ்விரண்டில் ஒன்றில் பட்டம் பெற்றவர் அப்பதவிக்கு வரலாம். ஆகவே பல்லாண்டு பௌதிகம் போதித்தும், ரசாயனப் பட்டதாரி என்ற காரணத்தால் முதுநிலைப் பௌதிகத்தில் சேர இயலாதவர் உளர். அவர்க்கென ஓராண்டு இணைப்புப் படிப்பு ஒன்று வேண்டும். மேலும், எல்லைக்கு அப்பாற்பட்ட பல்கலைக்கழகத்திற் பெற்ற பட்டத்தின் ஏற்பு குறித்துக் கேள்வி எழும் என்னும் அச்சத்தால், அருகிலுள்ள கல்லூரியை விட்டுத் தொலைவிலுள்ள கல்லூரியை நாடுவோரும் உண்டு.

விதியைத் தகுதிக்கு மேலாக வைத்தால் என்ன நேரும் என்பதற்கு விஞ்ஞான வரலாற்றிலேயே சான்று உள்ளது. திருவிதாங்கூரைச் சேர்ந்த பீர்மேட்டில் 1918-இல் சிரியன் கிறிஸ்தவக் குடும்பமொன்றிற் பிறந்த அன்னா மாணி, 1939-இல் சென்னை மாநிலக் கல்லூரியிற் பட்டம் பெற்று, ஓராண்டு சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் கற்பித்தார். 1940-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிலையத்தில் சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி மாணவியானார். வைரம், கெம்பு ஆகியவற்றின் ஒளிர்வைப் பற்றி ஐந்து ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டார். 1945-இல் அவர் அளித்த ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டத்திற்கு ஏற்கவில்லை. முதுநிலைப் பட்டம் இல்லை என்பதே காரணம். அவர் இங்கிலாந்து சென்று வானிலைக் கருவியியல் கற்று, 1948-இல் திரும்பி, இந்திய வானிலைத் துறையில் கருவி உற்பத்தியை உருவாக்கினார். சூரியக் கதிர்வீச்சு அளவீட்டு நிலையங்களை நாடெங்கும் நிறுவினார். நாட்டுக்குப் பயன் விளைந்தது; விதிக்குப் பெருமை விளையவில்லை. அன்னா மாணிக்குக் கிட்டிய வாய்ப்பு கிராமத்து ஆசிரியைக்குக் கிட்டாது. ஆகையால் அவர் பொருட்டு விதிதான் இளக வேண்டும்.

பணியும் ஆராய்ச்சியும்

பகுதி நேரத்திற் கற்போர் பௌதிகத்தை ஆழ்ந்து கற்க இயலுமா என ஐயுறுவோர் இந்தியப் பௌதிகத்தின் சிறந்த காலத்தை நினைவுகூர வேண்டும். இராமன் 1907 முதல் 1917 வரை நிதித் துறை அதிகாரி. கல்கத்தாவில் அலுவலகம் திறப்பதற்கு முன்னும் மூடிய பின்னும் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் அவர் ஆய்வு செய்தார். 1928-இன் தொடக்கத்தில், தூய கிளிசரினிற் சிதறிய சூரிய ஒளி நீலமாகத் தோன்றாமல் பச்சையாகத் தோன்றுவதைக் கண்ட எஸ். வெங்கடேஸ்வரன், அலிப்பூர் அரசாங்கப் பரிசோதனைச் சாலையிற் பணியாற்றிக்கொண்டே ஓய்வு நேரத்தில் ஆய்வு செய்தவர். அவர் கண்டது, அவ்வாண்டு பிப்ரவரி 28-இல் வெளிப்பட்ட பெருங் கண்டுபிடிப்புக்கு வழிகாட்டிய அறிகுறிகளுள் ஒன்றாயிற்று.

கே. ஆர். இராமநாதனின் வரலாறு திருவனந்தபுரத்தோடு தொடர்புடையது. கல்பாத்தியிற் பிறந்த அவர் 1914 முதல் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் செய்முறை வகுப்புகளை நடத்தும் டெமான்ஸ்டிரேட்டராகப் பணியாற்றி, 1921-இல் கல்கத்தா சென்று இராமனுடன் சேர்ந்தார். பின்னர் ரங்கூனிற் கல்லூரி ஆசிரியராயிருந்தபோது, விடுமுறையில் கல்கத்தா வந்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். திரவங்களிற் சிதறிய ஒளியில் ஒரு மெல்லிய நிறமாற்றத்தை 1923-இல் அவர் கண்டார். கற்பிக்கும் தொழிலும் கற்கும் ஆர்வமும் ஒருவரிடத்தே பகைமையின்றி வாழக்கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. இவர்களுக்குத் திறந்திருந்த ஒரு சோதனைச்சாலையும், உழைப்பை மதித்த ஒரு வழிகாட்டியும் இருந்தனர் என்பதே கருதத் தக்கது. எல்லைப்புற ஆசிரியருக்கு இல்லாதவை இவ்விரண்டுமே.

ஊரே சோதனைச்சாலை

ஆசிரியர்க்கான முதுநிலைப் படிப்பு, ஆராய்ச்சியாளர்க்கான படிப்பின் சுருக்கமாய் அமைதல் கூடாது. கணிதப் பௌதிகம், மின்காந்தவியல், புள்ளியியல் இயக்கவியல், குவாண்டம் கொள்கை ஆகியவற்றில் எதையும் குறைக்க வேண்டுவதில்லை. ஆனால் இறுதி ஆய்வுப் பணி அவ்வூரின் பௌதிகத்தைப் பற்றியதாய் அமையலாம். இவ்வட்டாரத்தில் அதற்குப் பஞ்சமில்லை.

நெய்யாறு அகத்திய மலையில் உற்பத்தியாகிறது. 1837-இல் சுவாதித் திருநாள் மகாராஜா நிறுவிய திருவனந்தபுரம் வானாய்வகத்தின் தலைவராக 1852-இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரௌன், அகத்திய மலைச் சிகரத்திலும் ஓர் ஆய்வகம் அமைத்தார். காட்டிலும் மழையிலும் உள்ளூர் உதவியாளர் இரவு பகலாய்க் கருவிகளை நோக்கி அளவுகளைக் குறித்தனர். பூமியின் காந்தப் புலம் நாளுக்கு நாள் எவ்வாறு மாறுகிறது என்பதைக் காட்டும் அவ்வளவுகள் 1874-இல் நூலாக வெளிவந்தன. பூமியின் காந்த மத்திய ரேகை இப்பகுதிக்கு அருகிற் செல்வதாலேயே இந்த ஆய்வுக்கு இவ்விடம் சிறந்ததாயிற்று. அதே காரணத்தால் 1963 நவம்பர் 21-இல் தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ஆராய்ச்சி ராக்கெட் ஏவப்பட்டது. அதற்கென இலத்தீன் கத்தோலிக்க மீனவ மக்கள் தங்கள் மரிய மகதலேனா ஆலயத்தையும் குடியிருப்பையும் விட்டுக்கொடுத்தனர். ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா அவர்களிடம் எடுத்துரைத்த பின்னர் இது நிகழ்ந்தது. விஞ்ஞானத்திற்காக இக்கரையோரச் சபை தன் ஆலயத்தையே அளித்த வரலாறு இது. அத்தகைய சபைகளைச் சேர்ந்த ஓர் ஆசிரியர்க்கு, விஞ்ஞானம் தன் பங்கிற்கு ஞாயிறு காலையை விட்டுக்கொடுத்தல் பெரிதன்று.

ஒரு காந்த ஊசியை அதன் ஈர்ப்பு மையத்தில் நூலாற் கட்டித் தொங்கவிட்டால், கொல்லயிலில் அது ஏறக்குறைய கிடையாகவே நிற்கும். தில்லியில் வெகுவாகச் சாய்ந்து நிற்கும். பாடப் புத்தகத்தில் வரும் காந்தச் சாய்வை வாய்ப்பாடாகக் கற்ற ஆசிரியர், தம் வகுப்பு ஊசி சாயாததைக் கண்டு கருவி பழுதென்று கருதக்கூடும். ஆழ்ந்து கற்றவரோ அதையே அன்றைய பாடமாக்குவார். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் இறுதியையொட்டியும் நண்பகற் சூரியன் இவ்வூருக்கு நேர் மேலே வரும்; செங்குத்தாய் நட்ட கோலுக்கு நிழல் இராது. வடக்கே உள்ள ஒரு பள்ளி அதே நாளில் அளக்கும் நிழலோடு ஒப்பிட்டால் பூமியின் சுற்றளவைக் கணிக்கலாம். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் அடங்கிய மோனசைட் உள்ளது; 1909-இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர் அதைக் கண்டறிந்தார். இயற்கைக் கதிரியக்கத்தை அளக்க இதனினும் தகுந்த இடம் அரிது. இத்தகைய பணிகளில், மழைமானி நோக்குவோர், நிலத்தடி நீரை ஆய்வோர் முதலிய களப்பணியாளரும் ஆசிரியரும் ஒருங்கிணைந்தால், ஒருவரின் கருவியும் மற்றவரின் மாணவரும் இருவர்க்கும் பயன் தருவர்.

சொல்லும் பொருளும்

மொழியின் இடரும் சிறிதன்று. முதுநிலைப் பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். வகுப்பறைப் பாடமோ மலையாளத்திலோ தமிழிலோ நடக்கும். இரு மொழிகளும் அடுத்தடுத்து வாழும் ஊரில் கலைச்சொற்கள் ஒன்றையொன்று குழப்புகின்றன. தமிழ்ப் பாடப் புத்தகத்தின் விசை, மலையாளத்தில் பலம். தமிழில் முடுக்கம், மலையாளத்தில் த்வரணம். மலையாளத்தில் ஆக்கம் என்பது தமிழில் உந்தம் எனப்படும் அளவையைக் குறிக்கும். தமிழ்ப் பிள்ளையின் காதிலோ ஆக்கம் என்பது உண்டாக்குதலையே குறிக்கும். வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் மலையாளம் படிக்கும் மாணவன் தேர்வில் தவறுவது பௌதிகத்திலா, சொல்லிலா என்பதைப் பிரித்தறிய வல்லவர் ஆசிரியரே. ஆகவே முதுநிலைப் படிப்பில் ஒரு தாளேனும், மூன்று மொழிகளிலும் பௌதிகக் கருத்துகளை விளக்கும் பயிற்சிக்கு ஒதுக்கப்படுதல் நன்று.

மறுப்புகளும் விடைகளும்

சமய அனுசரிப்புக்காக அரசாங்கம் கல்வியமைப்பை மாற்றலாமா என்று சிலர் கேட்கக் கூடும். ஞாயிறு அரசாங்கமே அளித்த விடுமுறை. அளித்ததைப் படிப்பு என்னும் பெயரால் திரும்பப் பெறாதிருத்தல் தனிச் சலுகையாகாது.

முதுநிலைப் பட்டம் பெற்றவர் மேல்நிலைப் பிரிவுக்குச் சென்றுவிடுவார், உயர்நிலை வகுப்புகள் பழையபடியே நிற்கும் என்பது மற்றொரு மறுப்பு. இதில் உண்மையுண்டு. அதற்கு மருந்து, உயர்நிலை வகுப்பிலேயே தொடர்ந்து கற்பிக்கும் முதுநிலைப் பட்டதாரிக்கு ஊதிய உயர்வு அளிப்பதாகும். மேலே செல்பவரும் பெரும்பாலும் அதே வட்டாரத்துப் பிள்ளைகளுக்கே கற்பிப்பார் என்பதையும் மறத்தலாகாது.

நவீனப் பௌதிகம் பக்தியைக் குலைக்கும் என்று அஞ்சும் சபையாரும், பக்தியுள்ளவர் பௌதிகத்தை வளைத்துக் கற்பிப்பார் என்று அஞ்சும் விஞ்ஞானிகளும் மூன்றாவது வகையினர். மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த மைக்கேல் பாரடே தம் சிறு சபையில் மூப்பராய் விளங்கியவர். பிரபஞ்சம் விரிவடைகிறது என்பதை 1927-இற் கணித்துக் காட்டிய ஜார்ஜ் லெமெய்த்தர் கத்தோலிக்கக் குருவானவர். தமது கொள்கையைச் சமயக் கோட்பாட்டுக்குச் சான்றாக்குவதை அவரே விரும்பவில்லை. சோதனைச்சாலையில் அளவுக்குக் கட்டுப்பட்டும் ஆலயத்தில் விசுவாசத்திற்குக் கட்டுப்பட்டும் நேர்மையாய் வாழ்வது இயலும் என்பதை இவ்விருவரும் காட்டினர். அந்நேர்மையை மாணவர் கண்முன் வாழ்ந்து காட்டும் ஆசிரியர் எந்த வகுப்பறைக்கும் பேறே.

செய்ய வேண்டுவன

இதற்குப் புதிய பல்கலைக்கழகமோ பெருஞ் செலவோ வேண்டுவதில்லை. கொல்லயிலைச் சேர்ந்த தனுவச்சபுரத்தில் 1964-இல் தொடங்கிய வேலுத்தம்பி நினைவுக் கல்லூரி இருக்கிறது. எல்லைக்கு அப்பால் மார்த்தாண்டத்தில் அதே ஆண்டு தோன்றிய நேசமணி நினைவுக் கிறிஸ்தவக் கல்லூரியும், நாகர்கோவிலில் 1893-இற் கல்லூரியாக உயர்ந்த ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியும் உள்ளன. மே மாதத்தில் கல்லூரிகளின் சோதனைச்சாலைகள் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றைத் திறந்து, எல்லையின் இரு புறத்து ஆசிரியர்க்கும் பொதுவான செய்முறை நிலையங்களாக்கலாம். திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அங்கே பெறும் பயிற்சியை மாநில வேறுபாடின்றி ஏற்க வேண்டும். 1979 முதல் திருவனந்தபுரத்தையும் நாகர்கோவிலையும் இணைக்கும் ரயில் பாதை இவ்வூர்களின் வழியே செல்வதால், ஆசிரியைகள் அன்றாடம் வீடு திரும்பவும் இயலும்.

பள்ளிகளை நடத்தும் சபைகளுக்கும் இதில் பங்குண்டு. உதவி பெறும் பள்ளி ஆசிரியர்க்கு அரசாங்கம் ஊதியம் தருகிறது. நிர்வாகம் தரக் கூடியது நேரம். படிக்கும் ஆசிரியர் மீது வார நாட்களிற் சபை வேலைகளைச் சுமத்தாதிருத்தலும், சனிக்கிழமைக் கூட்டங்களிலிருந்து அவரை விடுவித்தலும், பள்ளிச் சோதனைச்சாலையின் சாவியை அலமாரியிற் பூட்டாமல் அவர் கையில் கொடுத்தலும் செலவற்ற உதவிகள். ஞாயிற்றைத் தங்களுக்கு விட்டுவிடும்படி கல்வித் துறையைக் கேட்கும் சபை, மற்ற ஆறு நாட்களையும் படிப்புக்கு விட்டுக்கொடுக்கக் கடமைப்பட்டது.

ஏழாம் நாளன்று ஊரார்க்கு வேதம் வாசித்துக் காட்டியவரே ஆறு நாளும் பிள்ளைகளுக்கு எண்ணும் எழுத்தும் புகட்டிய மரபு இம்மண்ணில் ஏறத்தாழ 200 ஆண்டுகளாக நிலவுகிறது. அம்மரபினர் தம் காலத்திற்கு வேண்டிய அறிவை அளித்தனர். இக்காலத்திற்கு வேண்டிய அறிவு பௌதிகத்தை ஆழ்ந்து கற்றவராலேயே அளிக்கப்படும். ஆசிரியரின் கால அட்டவணையில் ஒரு நாளை விட்டுவைத்து, பூட்டிய சோதனைச்சாலை ஒன்றைத் திறந்து வைத்தால் போதும். எஞ்சிய உழைப்பை அவர் தாமே செய்துகொள்வார்.